திறன்னுவின் வித்தியாசாலையும் உங்கள் கல்லூரியும்

கேள்வி: ஐயா, தென்மாவட்டம் ஒன்றில் சிறிய வேதாகமக் கல்லூரியில் ஆறு வருடமாகத் திருச்சபை வரலாறு நடத்துகிறேன். விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் முப்பத்தெட்டுப் பேர். பாடத்திட்டத்தை மாற்றுவது பற்றி அடுத்த மாதம் நிர்வாகக் குழு கூடுகிறது. "அப்போஸ்தலர்கள் எந்த செமினரியில் படித்தார்கள்? மூன்று வருடப் படிப்பை ஆறு மாதமாக்கி ஊழியத்துக்கு அனுப்புங்கள்" என்கிறது ஒரு சாரார். பட்டத்தின் தரத்தை உயர்த்தி, அங்கீகாரம் வாங்கி, ஆராய்ச்சிப் படிப்பும் தொடங்க வேண்டும் என்கிறது இன்னொரு சாரார். ஆதித் திருச்சபையின் அருட்பணி இன்றைய இறையியல் கல்விக்கு என்ன சொல்கிறது என்று என்னை இருபது நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இதற்கிடையில், போன வருடம் படித்து முடித்த மாணவர் ஒருவர் போனில் அழுதார். அவர் ஊழியம் செய்யும் கிராமத்தில் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற ஒருவரின் அப்பா இறந்துவிட்டார். இவர்தான் மூத்த மகன். கொள்ளி வைக்கலாமா, மொட்டை போடலாமா, பதினாறாம் நாள் காரியத்தில் உட்காரலாமா என்று கேட்டிருக்கிறார். எங்கள் மாணவருக்குப் பதில் தெரியவில்லை. முதல் வகுப்பில் தேறியவர். நான் எந்தப் பக்கம் பேசுவது?

பதில்:

அன்புள்ள தம்பி,

போகிறபோக்கில் சொல்வதுபோலக் கடிதத்தின் கடைசியில் அந்த போன் அழைப்பைச் சேர்த்திருக்கிறீர்கள். நான் அதிலிருந்துதான் தொடங்குவேன். உங்கள் இருபது நிமிடமும் அதிலிருந்தே தொடங்கட்டும்.

எனக்கும் அப்படி ஒரு நாள் உண்டு. பட்டம் வாங்கி முதல் சேகரத்துக்குப் போன புதிது. ஒரு சாயங்காலம், சபையில் புதிதாகச் சேர்ந்த ஒரு அம்மா தூக்குவாளியோடு வந்து நின்றார். பக்கத்து ஊரில் கோயில் கொடை. அக்கா வீட்டிலிருந்து பொங்கல் கொடுத்துவிட்டிருக்கிறார்கள். "சாப்பிடலாமா ஐயா?" என்று கேட்டார். ஒன்று கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்துக்கு என் நோட்டில் நான்கு பக்கம் குறிப்பு இருந்தது. நிருபம் எழுதப்பட்ட காலம், அது ஒரே கடிதமா பல கடிதங்களின் தொகுப்பா என்ற விவாதம், விக்கிரகங்களுக்குப் படைக்கப்பட்டவை என்பதற்கான கிரேக்கச் சொல் எல்லாம் இருந்தன. அந்தத் தூக்குவாளிக்குப் பதில் இல்லை. "வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் அதைக் கொண்டுபோய்க் கோழிக்குக் கொட்டினார். அக்கா மகன் பார்த்துவிட்டான். அக்காவும் தங்கையும் இரண்டு வருடம் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் சேகரத்தில் வயதான உபதேசியார் ஒருவர் இருந்தார். எட்டாம் வகுப்புப் படிப்பு. அவர்தான் பிறகு மெதுவாகக் கேட்டார்: "அவ அக்கா அதை எதுக்குக் கொடுத்துவிட்டான்னு கேட்டீயளா ஐயா?" நான் கேட்கவில்லை.

அதன் பிறகு அந்த நிருபத்தைத் திரும்ப எடுத்தபோது, நோட்டில் எழுதியும் நான் கவனிக்காமல் விட்ட ஒன்று கண்ணில் பட்டது. "நீங்கள் எனக்கு எழுதின காரியங்களைக்குறித்து" என்று ஏழாம் அதிகாரம் தொடங்குகிறது. கொரிந்து சபை பவுலுக்குக் கேள்விகளை எழுதி அனுப்பியிருக்கிறது. கல்யாணம் பண்ணலாமா, படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா என்று, நம் பத்திரிகைக் கேள்வி பதில் பகுதிக்கு வருவதுபோன்ற கேள்விகள்தான். போதாததற்கு, குலோவேயாள் என்ற பெண்ணின் வீட்டார் அந்தச் சபைக்குள் நடந்த சண்டையையும் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். பவுல் உட்கார்ந்து பதில் எழுதுகிறார். இன்று நாம் தேர்வு வைத்து மார்க் போடும் இறையியல் அப்படிப் பிறந்தது.

அந்த இறைச்சிக் கேள்விக்கு அவர் பதில் சொல்லும் விதத்தைப் பாருங்கள். ஆம், இல்லை என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அவரோ கேள்வியைப் பிரிக்கிறார். கோயில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது ஒன்று, அது கூடாது. கடையில் விற்கும் இறைச்சி வேறு. துருவித் துருவிக் கேட்காமல் வாங்கிச் சாப்பிடு. விசுவாசியல்லாத ஒருவர் வீட்டுக்கு அழைத்தால், போக மனதிருந்தால் போ, வைத்ததைச் சாப்பிடு. அங்கே ஒருவன் "இது படைத்தது" என்று எடுத்துச் சொன்னால், சொன்னவனுடைய மனச்சாட்சிக்காக நிறுத்திக்கொள். இடம், மனிதர், பார்த்துக்கொண்டிருப்பவர் என்று மூன்றையும் வைத்து யோசிக்கிறார். உபதேசியார் என்னிடம் கேட்டதும் அதுதான். நானோ பவுலின் தேதியைப் படித்திருந்தேன், அவர் யோசித்த விதத்தைப் படிக்கவில்லை.

இனி உங்கள் முதல் சாரார். அவர்கள் கேட்பது கைதட்டல் வாங்கும் கேள்வி. முப்பது வருட ஆசிரியப் பணியில் நான் பல மேடைகளில் கேட்டது. கொரிந்தியருக்கு அந்தக் கடிதத்தை எழுதிய நாட்களில் பவுல் எங்கே இருந்தார் என்று அவர்களிடம் கேளுங்கள். எபேசுவில் இருந்தார். பதினாறாம் அதிகாரத்தில் அவரே சொல்கிறார். எபேசுவில் என்ன செய்துகொண்டிருந்தார்? அப்போஸ்தலர் நடபடிகள் பத்தொன்பதாம் அதிகாரம் சொல்கிறது: ஜெப ஆலயத்தில் மூன்று மாதம் பேசினார், எதிர்ப்பு வந்தது, சீஷர்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார், திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு வருடம் தினமும் சம்பாஷித்தார். வித்தியாசாலை என்றால் பள்ளிக்கூடம். ஆகவே செமினரி இல்லை என்று சொல்ல வழியில்லை. கூடம்தான் இன்னொருவருடையது.

புதிய ஏற்பாட்டின் பழைய பிரதிகளில் பெசா கையெழுத்துப் பிரதி என்று ஒன்று உண்டு, கிட்டத்தட்ட ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது, இப்போது கேம்பிரிட்ஜில் இருக்கிறது. அதில் இந்த வசனத்தோடு ஒரு சிறு சேர்க்கை வருகிறது: "ஐந்தாம் மணி முதல் பத்தாம் மணி வரை". நம் கணக்கில் காலை 11 முதல் மாலை 4. நடபடிகளின் ஆசிரியர் லூக்கா எழுதியதா, பிற்பாடு சேர்ந்ததா என்பது வேறு விவாதம்; பழைய ஞாபகம் ஒன்று இப்படி வந்து ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. எனக்கு அது நம்பும்படிதான் இருக்கிறது. மத்தியதரைக் கடற்கரையில் அந்த நேரம் கடையடைத்துச் சாப்பிட்டுத் தூங்கும் நேரம். திறன்னு தன் வகுப்பைக் காலையிலேயே முடித்திருப்பான், கூடம் காலியாகக் கிடக்கும். பவுல் காலையில் கைவேலை. இந்தக் கைகளே எனக்கும் என்னோடிருந்தவர்களுக்கும் வேண்டியதைச் சம்பாதித்தன என்று எபேசு மூப்பரிடம் பின்னால் சொல்கிறார். பத்தொன்பதாம் அதிகாரத்திலேயே நோயாளிகள்மேல் போட ஜனங்கள் அவருடைய உறுமால்களையும் கச்சைகளையும் எடுத்துப் போகிறார்கள். உறுமால் தலையில் வியர்வைக்குக் கட்டும் துணி, கச்சை இடுப்பில் கட்டும் வேலைத்துணி. பட்டறையிலிருந்து எழுந்து வந்தவருடைய உடைமைகள் அவை. நம் ஓவியங்களில் அவர் எப்போதும் சலவை செய்த அங்கியோடு நிற்பார், அது வேறு விஷயம்.

சம்பாஷித்தார் என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். பழைய மொழிபெயர்ப்பாளர் பிரசங்கித்தார் என்று போட்டிருக்கலாம், போடவில்லை. கேட்டு, மறுத்து, திரும்பக் கேட்டு நடக்கும் பேச்சு அது. இப்படி இரண்டு வருடம் நடந்ததால் ஆசியாவில் (எபேசுவைச் சுற்றியிருந்த ரோம மாகாணத்தின் பெயர் அது) குடியிருந்த எல்லாரும் வசனத்தைக் கேட்டார்கள் என்கிறது நூல். பவுல் எபேசுவை விட்டு நகரவில்லை, பிறகு எப்படி எல்லாரும் கேட்டார்கள்? கொலோசெயர் நிருபத்தில் பதில் இருக்கிறது. எபேசுவிலிருந்து ஏறக்குறைய 100 மைலுக்கு அப்பால் இருக்கும் கொலோசெக்காரர்கள் பவுலின் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவர்கள் கற்றுக்கொண்டது எப்பாப்பிராவிடம், அவர் அந்த ஊர்க்காரர். அவர் எபேசுவில்தான் பவுலிடம் கற்றிருக்க வேண்டும் என்பது பலருடைய ஊகம், எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. லவோதிக்கேயா, எராப்போலி சபைகளுக்கும் அவர்தான் பாடுபட்டார். வந்தவர்கள் வீடு திரும்பினார்கள், திரும்பிய ஊரில் ஒரு சபை எழுந்தது. எத்தனை எபேசுக்காரர் வந்து உட்கார்ந்தார்கள் என்பதை லூக்கா எண்ணிச் சொல்லவில்லை.

ஆறு மாதக்காரர்களிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். எபேசுவில் மூன்று வருடம் இரவும் பகலும் கண்ணீரோடு புத்தி சொன்னேன் என்று பவுலே சொல்லியிருக்கிறார். 'அப்போஸ்தலப் பாரம்பரியம்' என்ற பழைய திருச்சபை ஒழுங்குநூல், ஊழியராவதற்கு அல்ல, ஞானஸ்நானம் பெறுவதற்கே மூன்று வருடம் வசனம் கேட்கச் சொல்கிறது. ஆர்வமாக இருப்பவருக்குக் காலத்தைப் பார்க்காமல் நடத்தையைப் பார்க்கலாம் என்று சலுகையும் தருகிறது. கடைசியில் ஒரு தேர்வு உண்டு. என்ன கேள்வி தெரியுமா? இவர் விதவைகளை மதித்தாரா, நோயாளிகளைப் போய்ப் பார்த்தாரா? பதில் சொல்ல வேண்டியவர், அவரைக் கூட்டிக்கொண்டு வந்தவர். உங்கள் கல்லூரியில் இந்தத் தேர்வை வைத்தால் யார் யார் தேறுவார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆசிரியர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பட்டக்காரர்களும் முற்றிலும் தவறு இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்சு என்ற தத்துவவாதி கிறிஸ்தவர்களைக் கிண்டலடித்து ஒரு நூல் எழுதினார். (எபேசுவில் சுற்றுலாப் பயணிகள் முன்னால் நின்று படமெடுத்துக்கொள்ளும் செல்சு நூலகத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) கம்பளி வேலைக்காரரும் செருப்புத் தைப்பவரும் துணி வெளுப்பவரும் வீடுகளுக்குள் புகுந்து பிள்ளைகளையும் பெண்களையும் பிடித்துக்கொள்கிறார்கள், உண்மை தெரிய வேண்டுமானால் செருப்புக் கடைக்கு வா என்கிறார்கள் என்பது அவருடைய புகார். அவர் வசையாகச் சொன்னதை நான் வரலாற்றுச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கால இறையியல் கல்வி எங்கே நடந்தது என்று எதிரியே எழுதிவைத்துவிட்டார். ஆனால் அந்த நூலுக்குப் பதில் எழுதச் செருப்புக் கடை மட்டும் போதவில்லை. மூன்றாம் நூற்றாண்டின் பெரிய இறையியல் அறிஞர் ஓரிகன் தேவைப்பட்டார். அவருடைய நண்பரும் புரவலருமான அம்புரோஸ் அந்த நூலை அனுப்பி, இதற்குப் பதில் வேண்டும் என்று கேட்டார். 248ஐ ஒட்டி ஓரிகன் எட்டுப் புத்தகங்களாக எழுதினார். அதுவும் ஒரு கேள்விக்கான பதில்தான்.

ஓரிகன் பலஸ்தீனத்துச் செசரியாவில் நடத்திய பள்ளியைப் பற்றி அவரிடம் படித்த கிரகோரியின் பிரியாவிடை உரை கிடைக்கிறது. கிரகோரி சட்டம் படிக்கப் புறப்பட்டவர். அக்கா தங்கை யாரையாவது ஊர் கொண்டுபோய் விடப்போய் நம் பிள்ளைகள் வழி மாறுவதுபோல, சகோதரியைக் கொண்டுவிட வந்த இடத்தில் ஓரிகனிடம் மாட்டிக்கொண்டார். தர்க்கம், இயற்கை, வடிவ கணிதம், வானியல், ஒழுக்கம், நாத்திகர் நீங்கலாக எல்லாத் தத்துவவாதிகளும், அதற்கப்புறம் வேதம். இது வெளியூருக்குப் பகட்டு காட்டுகிற பாடத்திட்டம் இல்லை. அந்த ஊரில் படித்தவர்கள் கேட்ட கேள்விகள் அவை. ஆராய்ச்சிப் படிப்பு தொடங்க நினைக்கும் உங்கள் குழு, எந்தக் கேள்விக்காக என்று சொல்லட்டும். சொல்ல முடிந்தால் தாராளமாகத் தொடங்கலாம். சுவரில் மாட்டுவதற்காக என்றால், அந்தப் பணத்தை ஊழியத்திலிருந்து திரும்பி வருகிறவர்களின் பஸ் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, நீங்கள் எந்தப் பக்கமும் பேச வேண்டாம். படிப்பு எவ்வளவு நீளம் என்று இரண்டு சாராரும் சண்டை போடுகிறார்கள். கேள்வி எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேளுங்கள். ஆதித் திருச்சபையில் சபையிலிருந்து கேள்வி வந்தது, ஆசிரியர் பதில் தேடினார், அது பாடமானது. நம்மிடம் பாடம் முதலில் அச்சாகி வந்துவிடுகிறது. கேள்வித்தாளும் எங்கிருந்தோ வருகிறது. சபைக்குக் கேட்க வாய்ப்பே இல்லை.

செய்யக்கூடியதாக ஒன்று சொல்கிறேன். உங்கள் மாணவர்கள் சனி, ஞாயிறு ஊழியத்துக்குப் போகிறார்கள் இல்லையா? திங்கட்கிழமை காலை முதல் இரண்டு மணி நேரத்தை எந்தப் பாடத்துக்கும் கொடுக்காதீர்கள். ஒரு மாணவர், தான் போன இடத்தில் கேட்ட ஒரு கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதி வாசிக்கட்டும். யார் கேட்டார், எந்த இடத்தில், பக்கத்தில் யார் இருந்தார் என்பது உட்பட. பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, வரலாறு, நெறியியல் நடத்துகிற எல்லாரும் அந்த அறையில் இருக்க வேண்டும். பதில் அன்றைக்கே கிடைக்க வேண்டியதில்லை. வாரம் முழுக்க நூலகத்தில் தேடட்டும். அடுத்த சனிக்கிழமை பதிலோடு அதே வீட்டுக்குப் போகட்டும். அதற்கு அடுத்த திங்கள், அந்த வீட்டார் என்ன சொன்னார்கள் என்று வந்து சொல்லட்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள், விடாதீர்கள். வெளியே இருப்பவர்களுக்கும் வழி உண்டு. 1963இல் குவாத்தமாலாவில் ஒரு பிரஸ்பிடேரியன் செமினரி, ஊரை விட்டு வர முடியாத சபைத் தலைவர்களைத் தேடி ஆசிரியர்கள் போகும் விரிவாக்கக் கல்வியைத் தொடங்கியது. இந்தியாவில் 1971இல் அதே வழியில் டாஃப்டி (TAFTEE) என்ற விரிவாக்க இறையியல் கல்விச் சங்கம் தொடங்கியது. தரத்தைக் குறைக்காமலே செய்யலாம் என்பதற்கு அனுபவம் இருக்கிறது.

ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் சின்னதாக ஒரு சபையையாவது கையில் வைத்திருக்க வேண்டும். நான் பத்து வருடம் வைத்திருக்கவில்லை. அந்தப் பத்து வருடக் குறிப்புகளை இப்போது படித்தால் எனக்கே தூக்கம் வருகிறது.

பெண்கள் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. அலெக்சந்திரியாவிலிருந்து வந்த அப்பொல்லோ, சாதுரியவான், வேதங்களில் வல்லவன். அவரையே தனியாக அழைத்துக்கொண்டுபோய் அதிக திட்டமாய் விவரித்தவர்கள் பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும், கூடாரத் தொழிலாளிகள். அவர்கள் வீட்டில் சபை கூடியது. பட்டம் உள்ளவருக்கு, பட்டறை வைத்திருந்த ஒரு அம்மா பாடம் எடுத்திருக்கிறார். உங்கள் திங்கட்கிழமை வகுப்புக்கு மாதம் ஒருமுறை சபையிலிருந்து இரண்டு மூத்த பெண்களை அழையுங்கள். கொள்ளி, காரியம், சடங்கு என்று வரும்போது வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு உங்கள் ஆசிரியர்களுக்குத் தெரியாது.

சாப்பாட்டு அறையையும் எட்டிப் பாருங்கள். அந்தியோகியாவில் தீர்க்கதரிசிகளும் போதகர்களுமாக ஐந்து பேர் இருந்தார்கள்: சீப்புருவிலிருந்து பர்னபா, நீகர் எனப்பட்ட சிமியோன், சிரேனேயிலிருந்து லூகி, ஏரோதின் அரண்மனையில் வளர்ந்த மனாயீன், தர்சு ஊர்ச் சவுல். அருட்பணிக்கு முதலில் ஆள் அனுப்பிய சபை அப்படிக் கலந்த சபை. அங்கேயேதான், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும், பேதுரு புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, சாப்பிடுவதை விட்டு ஒதுங்கினார். பவுல் முகத்துக்கு நேரே எதிர்த்தார். கலாத்தியரில் இருக்கிறது. விசுவாசத்தினால் நீதிமானாவது என்று நாம் ஒரு பருவம் முழுக்க நடத்தும் பாடம், பந்தியில் யார் யாரோடு உட்காருவது என்ற தகராறை ஒட்டி எழுதப்பட்டது. உங்கள் விடுதியில் யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். ஊர், சாதி என்று ஏதாவது தட்டுப்பட்டால் அந்த வாரம் கலாத்தியர் நடத்துங்கள்.

இன்னொரு விஷயம், சுருக்கமாக. தீமோத்தேயுவைப் பவுல் கூட்டிக்கொண்டு போனதற்கு லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் உள்ள சகோதரர் கொடுத்த நற்சாட்சி காரணம். நாம் கொடுப்பது நற்சான்றிதழ், அலுவலகத்தில் அச்சடித்து வைத்திருப்பது. சேர்க்கையின்போதும் பட்டம் கொடுக்கும்போதும் அந்த ஊர்ச் சபையைக் கேளுங்கள்.

சரி, உங்கள் மாணவருக்கு வருவோம். பவுல் செய்ததுபோல அந்தக் கேள்வியைப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். என் கருத்தைக் கேட்டால்: கொள்ளி வைப்பது பெற்ற அப்பாவுக்கு மகன் செய்யும் கடைசி மரியாதை, அதைத் தடுக்க நான் துணிய மாட்டேன். மொட்டை, அந்த ஊரில் துக்கத்தின் அடையாளம் மட்டுமா, ஒரு சடங்கில் சேர்ந்ததன் அடையாளமா என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். பிண்டம் வைத்து இறந்தவரை வேண்டிக்கொள்வது வழிபாடு, அதில் அவர் சேர வேண்டாம். ஆனால் பதினாறாம் நாள் வீட்டை விட்டு ஓடிப்போகவும் வேண்டாம். பந்தியில் இலை போடட்டும், தண்ணீர் ஊற்றட்டும், அம்மா பக்கத்தில் உட்காரட்டும். பிண்டம் வைப்பதில் ஏன் சேரவில்லை என்று தம்பி, தங்கைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடட்டும், சபை நடுவில் வைத்து அல்ல, வீட்டில் வைத்து. இதே நிலையைக் கடந்து வந்த விசுவாசிகள் இரண்டு பேர் அந்த வட்டாரத்தில் கட்டாயம் இருப்பார்கள். உங்கள் மாணவர் தனியாக முடிவு சொல்லாமல் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும்.

400ஐ ஒட்டிக் கார்த்தேஜில் தேயோகிராத்தியா என்ற உதவிக்காரர், புதியவர்களுக்குப் பேசும்போது எனக்கே சலிப்பாக இருக்கிறது, என்ன செய்வது என்று ஆயர் அகஸ்தினுக்கு எழுதினார். அகஸ்தின் ஒரு நூலாகவே பதில் எழுதினார். அதில் எனக்குப் பிடித்த இடம், கேட்பவர் நின்று களைத்திருந்தால் அவருக்கு ஒரு இருக்கை கொடு என்பது. அந்த மாணவர் போனில் அழுதபோது நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. குழு கூடுவதற்கு முன் அவரை ஒரு நாள் கல்லூரிக்கு வரச் சொல்லுங்கள். முதல் திங்கட்கிழமை வகுப்பை அவரே தொடங்கட்டும். பஸ் செலவைக் கல்லூரி கொடுக்கட்டும்.